யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் முடிவு வந்த மறுநாள் எங்கள் சனசமூக நிலையத்தில் பேப்பர் மேசையைச் சுற்றி எழும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் எடுக்கும் பிள்ளைகளும் அவற்றையே கேட்கிறார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வட்ஸ்அப்பில் எடுக்கும் உறவினரும் அவற்றையே கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே கேள்விகளை வைத்து, என்னால் உறுதியாகச் சொல்லக்கூடிய பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். ஆசன எண்ணிக்கையை மட்டும் வைத்து யாழ்ப்பாணத்தின் மனதை அளக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதோடு எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் பதில்களில் வரும்.

யாழ்ப்பாண மாவட்டம் எண்டால் கிளிநொச்சியும் அதுக்குள்ளையோ?

எந்தத் தேர்தல் என்பதைப் பொறுத்தது. பாராளுமன்றத் தேர்தலிலும் ஜனாதிபதித் தேர்தலிலும் ஆம். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்பது யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரண்டு நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்தது. தேர்தல் மாவட்டங்கள் வகுக்கப்பட்டபோது கிளிநொச்சி யாழ்ப்பாணக் கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) கீழ்தான் இருந்தது. அது தனி மாவட்டமானது 1984இல்.

மாகாண சபைத் தேர்தலில் கதை வேறு. வடக்கின் ஐந்து நிர்வாக மாவட்டங்களும் தனித்தனியே வாக்களிக்கும், தனித்தனியே ஆசனம் பெறும். ஆகவே 2013 மாகாண சபை முடிவையும் 2015 பாராளுமன்ற முடிவையும் பக்கத்தில் வைத்து "வாக்கு கூடினதோ குறைஞ்சதோ" என்று பார்ப்பவர்கள், முதலில் கிளிநொச்சியைக் கூட்டினோமா கழித்தோமா என்று பார்க்க வேண்டும்.

தொகுதி முறை எப்பவோ போட்டுதே. பிறகேன் ரேடியோவில "நல்லூர்த் தொகுதி முடிவு" எண்டு வாசிக்கினம்?

1978 அரசியலமைப்போடு தொகுதிக்கு ஓர் எம்.பி. என்ற முறை போய், மாவட்டம் முழுவதற்கும் விகிதாசாரம் வந்தது. ஆனால் 1976இல் வரையப்பட்ட 160 தொகுதிகளும் வாக்கு எண்ணும் அலகுகளாக இன்றும் உயிரோடு இருக்கின்றன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அவை பதினொன்று: ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, மானிப்பாய், கோப்பாய், உடுப்பிட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி, நல்லூர், யாழ்ப்பாணம், கிளிநொச்சி. ரேடியோவில் வாசிப்பது இந்த அலகின் எண்ணிக்கையை மட்டும். நல்லூரில் முதலாவதாக வந்த கட்சிக்கு "நல்லூர் ஆசனம்" என்று ஒன்று கிடைப்பதில்லை.

எங்கடை ஆக்கள் முதன்முதலா எப்ப வோட்டுப் போட்டவை?

வளர்ந்தோர் எல்லோருக்கும் வாக்குரிமை என்ற முறையில் நாட்டின் முதல் தேர்தல் 1931 ஜூனில் நடந்தது. டொனமூர் அரசியலமைப்பின் கீழ் அரசுப் பேரவைக்கான தேர்தல் அது. பெண்களுக்கும் வாக்கு இருந்தது. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாடு அதில் வாக்களிக்கவில்லை. டொனமூர் யாப்பு முழு சுயாட்சி தரவில்லை என்று சொல்லி, ஹன்டி பேரின்பநாயகம் போன்றோர் நடத்திய யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நாலு தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை.

அந்த நாலு ஆசனங்களும் 1934இல்தான் நிரப்பப்பட்டன. யாழ்ப்பாணத்தில் அருணாசலம் மகாதேவா, காங்கேசன்துறையில் சு. நடேசன், ஊர்காவற்றுறையில் நெவின்ஸ் செல்வதுரை, பருத்தித்துறையில் ஜீ. ஜீ. பொன்னம்பலம். யாழ்ப்பாணத்தின் தேர்தல் வரலாறு ஒரு பகிஷ்கரிப்போடு தொடங்குகிறது என்பதை நினைவில் வைத்திருங்கள். பின்னால் வரும் பல பதில்களுக்கு இது தேவைப்படும்.

ஜீ.ஜீ. எந்தத் தொகுதி, தந்தை செல்வா எந்தத் தொகுதி? ரண்டு பேரும் தோத்திருக்கினமோ?

பொன்னம்பலம் 1947இல் யாழ்ப்பாணத் தொகுதிக்கு வந்து, அதே மகாதேவாவைத் தோற்கடித்தார். 1952, 1956 தேர்தல்களிலும் வென்றார். 1960இல் நடந்த இரண்டு தேர்தல்களிலும் சுயேச்சையாக நின்ற அல்பிரட் துரையப்பாவிடம் தோற்றார். 1965இல் திரும்ப வென்று, 1970இல் தமிழரசுக் கட்சியின் சி. எக்ஸ். மார்ட்டினிடம் தோற்றார்.

செல்வநாயகம் காங்கேசன்துறை. 1947இல் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராகவே வென்றார். மலையக மக்களின் குடியுரிமை பறிக்கப்பட்டதையும் பொன்னம்பலம் அரசாங்கத்தில் சேர்ந்ததையும் ஏற்காமல் பிரிந்து, 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அதன் பிறகு வந்த முதல் தேர்தலில், 1952இல், ஐக்கிய தேசியக் கட்சியின் (ஐ.தே.க.) நடேசனிடம் தோற்றுப்போனார். அந்த முறை கட்சியைக் குடாநாட்டில் காப்பாற்றியவர் கோப்பாயில் வென்ற கு. வன்னியசிங்கம். 1956இல் தனிச் சிங்களச் சட்டப் பேச்சு எழுந்த காலத்தில் செல்வநாயகம் திரும்ப வென்றார். 1972இல் தானே துறந்து 1975இல் மீட்ட இடைவெளி தவிர, அதிலிருந்து இறக்கும்வரை அந்தத் தொகுதி அவருடையதாக இருந்தது.

முந்தியெல்லாம் தமிழர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கட்சிக்குத்தானே குத்தினவை? இப்பதானே பிரிஞ்சு நிக்கினம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் பிழையாக நம்பப்படுவதும் இதுதான்.

1956ஐ எடுங்கள். தமிழரசு அலை அடித்த வருடம், வடக்கு கிழக்கில் கட்சிக்குப் பத்து ஆசனம். அதே வருடம் யாழ்ப்பாணத் தொகுதி காங்கிரஸ் தலைவர் பொன்னம்பலத்தை வைத்துக்கொண்டது. பருத்தித்துறை கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவை அனுப்பியது. 1960இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆசனங்கள் ஏழிலிருந்து பதினொன்றாகின. உடுவில், நல்லூர், உடுப்பிட்டி, கிளிநொச்சி ஆகியவை புதிதாக வந்தன. அப்போதும் காங்கிரஸ், தமிழரசு, சுயேச்சை என்று போட்டி ஓயவில்லை.

1970 மே தேர்தல் இன்னும் தெளிவு. அந்த ஒரே தேர்தலில் வட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கம் காங்கிரஸின் ஆ. தியாகராசாவிடம் தோற்றார். நல்லூரில் ஈ. எம். வி. நாகநாதன் சி. அருளம்பலத்திடம் தோற்றார். உடுப்பிட்டியில் காங்கிரஸின் மு. சிவசிதம்பரம் தோற்றார். தமிழரசிலிருந்து பிரிந்து தனிநாடு கேட்டு நின்ற வி. நவரத்தினம் ஊர்காவற்றுறையில் தோற்றார். பொன்னம்பலத்தின் தோல்வியை மேலே சொல்லிவிட்டேன். எல்லாப் பக்கத்துத் தலைவர்களையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிய வாக்காளர்களைக் கண்ணை மூடிக் குத்தியவர்கள் என்று எப்படிச் சொல்வது? ஒன்றுசேர்ந்து வாக்களித்த ஆண்டுகள் இருந்தன. அவை விதிவிலக்குகள், ஒவ்வொன்றுக்கும் வெளிப்படையான காரணம் இருந்தது.

காங்கேசன்துறை இடைத்தேர்தல் எண்டு பழைய ஆக்கள் பெருமையாச் சொல்லுறது என்ன?

1972 குடியரசு யாப்பைத் தமிழர் ஏற்கவில்லை என்று காட்ட, அந்த ஆண்டு ஒக்ரோபரில் செல்வநாயகம் தன் ஆசனத்தைத் துறந்தார். முடிந்தால் அரசாங்கம் தன் கொள்கையை முன்வைத்து இங்கே போட்டியிட்டு வெல்லட்டும் என்பது சவால். அரசாங்கம் இடைத்தேர்தலை இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. 1975 பெப்ரவரி 6இல் நடந்தபோது, அரசாங்கக் கூட்டின் சார்பில் நின்ற கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்தை அவர் பதினாறாயிரத்துக்கும் கூடிய வாக்குகளால் வென்றார். ஒரு தொகுதி வாக்கெடுப்பு முழு இனத்தின் தீர்ப்பாகப் பார்க்கப்பட்டது அப்போதுதான்.

1977இல் உண்மையா ஒரு தொகுதிகூட விடாமல் கூட்டணிக்கோ?

உண்மை. தனிநாடு கோரிய 1976 மே 14 வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை மக்கள் முன் வைத்து, தமிழர் விடுதலைக் கூட்டணி உதயசூரியன் சின்னத்தில் நின்றது. வடமாகாணத்தின் 14 தொகுதிகளும் அதற்கே விழுந்தன. யாழ்ப்பாண மாவட்டத்தின் 11 தொகுதிகளும் அதில் அடக்கம். நாடு முழுவதிலும் 18 ஆசனங்கள். செல்வநாயகம் அந்த ஏப்ரலில் காலமாகியிருந்தார். காங்கேசன்துறையில் நின்று வென்ற அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

அந்தப் பாராளுமன்றத்தின் ஆயுள் பொதுத் தேர்தல் இல்லாமலே நீட்டப்பட்டது. அதற்காக 1982 டிசெம்பரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பில் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தோரில் ஏறத்தாழ 91 வீதத்தினர் "வேண்டாம்" என்ற பானைச் சின்னத்துக்குப் போட்டார்கள். 1983 ஓகஸ்டில் ஆறாவது திருத்தம் பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைக் கட்டாயமாக்க, கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். மக்கள் தெரிந்தனுப்பிய பிரதிநிதிகள் இல்லாமல் இந்த மாவட்டம் 1989வரை இருந்தது.

லைப்ரரி எரிஞ்சதும் எலெக்சனும் ஒரே கிழமையோ?

ஒரே கிழமைதான். 1981 ஜூன் 4 மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கான பிரசாரக் காலத்தில், மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அந்தச் சாம்பல் ஆறுமுன்னர் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். யாழ்ப்பாணத்தின் பத்து ஆசனங்களும் கூட்டணிக்குப் போயின.

ரண்டு வீத வாக்கிலை ஒன்பது எம்.பி. எண்டு சொல்லுறது கட்டுக்கதையோ?

இல்லை, 1994இல் நடந்தது. அதற்கு முன் 1989ஐச் சொல்ல வேண்டும். விகிதாசார முறையில் யாழ்ப்பாணம் கண்ட முதல் பொதுத் தேர்தல் அது. இந்திய அமைதிப்படை இங்கே நின்ற நேரம். 11 ஆசனங்களில் எட்டை ஈரோஸ் இயக்கத்தின் ஆதரவுச் சுயேச்சைக் குழு வென்றது. மூன்று, கூட்டணியின் உதயசூரியனில் ஈ.பி.ஆர்.எல்.எப். முதலான இயக்கங்களும் சேர்ந்து நின்ற பட்டியலுக்குக் கிடைத்தன.

1994 ஓகஸ்டில் குடாநாடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. இராணுவத்தின் கையில் இருந்த தீவுப்பகுதியிலும், இடம்பெயர்ந்தோருக்கென வெளியே வைத்த சாவடிகளிலும்தான் வாக்களிப்பு. ஆறு இலட்சத்துக்குக் கிட்டிய வாக்காளரில் வாக்களித்தவர்கள் 2.3 வீதம் அளவில். ஈ.பி.டி.பி.யின் (ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி) சுயேச்சைக் குழு 10,744 வாக்குகளோடு ஒன்பது ஆசனம் பெற்றது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 2,098 வாக்குகளோடு ஓர் ஆசனம் பெற்றது. 1990 ஒக்ரோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கும் இந்த மாவட்டத்தில் பங்கு உண்டு என்பதற்கு அந்த ஓர் ஆசனம் சாட்சி.

சட்டப்படி இதில் பிழை இல்லை. விகிதாசாரக் கணக்கு அளிக்கப்பட்ட வாக்கைத்தான் பார்க்கும், வராத வாக்கைப் பார்க்காது. பிழை, இப்படிக் கிடைத்த ஆசனங்களை மாவட்டத்தின் குரல் என்று எண்ணுவதில் இருக்கிறது.

சரி, 2004இல் கூட்டமைப்புக்கு 90 வீதம் விழுந்ததே. அதை உண்மையான தீர்ப்பு எண்டு எடுக்கலாம்தானே?

முதலில் விவரம். 2000இல் யாழ்ப்பாணத்தின் ஒன்பது ஆசனங்கள் ஈ.பி.டி.பி. 4, கூட்டணி 3, காங்கிரஸ் 1, ஐ.தே.க. 1 என்று பிரிந்திருந்தன. 2001 ஒக்ரோபரில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவாகி, டிசெம்பரில் ஆறு ஆசனம் வென்றது. 2004 ஏப்ரலில் உதயசூரியன் சின்னம் கூட்டணித் தலைவர் ஆனந்தசங்கரியிடம் இருந்ததால் தமிழரசின் வீட்டுச் சின்னத்தில் நின்று, 257,320 வாக்குகளோடு எட்டு ஆசனம் வென்றது. மிச்சம் ஒன்று ஈ.பி.டி.பி.க்கு.

சமாதானப் பேச்சுக் காலத்தில் தமிழர் ஒரே குரலில் பேச விரும்பினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த உணர்வை நேரில் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் புலிகளின் வெளிப்படையான ஆதரவு ஒரு பக்கத்துக்கு இருந்தது. எதிர்த்து நின்றவர்கள் அச்சமின்றிப் பிரசாரம் செய்ய முடியவில்லை. 1994இன் இரண்டு வீதத்தைக் கேள்வி கேட்பவர்கள் 2004இன் தொண்ணூறு வீதத்தையும் அதே நேர்மையோடு கேட்கத்தான் வேண்டும்.

2005இல் யாழ்ப்பாணம் வாக்களிச்சிருந்தால் ரணில் வெண்டிருப்பாரோ?

ஜனாதிபதித் தேர்தலில் தமிழருக்கு அக்கறை இல்லை என்ற புலிகளின் நிலைப்பாட்டால் அன்று யாழ்ப்பாணத்தில் வாக்களிப்பு 1.21 வீதம். ரணில் விக்கிரமசிங்க நாடு முழுவதிலும் தோற்றது ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துச் சொச்ச வாக்கு வித்தியாசத்தில்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2004இல் யாழ்ப்பாணத்தில் செல்லுபடியான வாக்கு ஏறத்தாழ 284,000. அதே தொகை வந்து, ஐந்தில் நாலு பங்குக்கும் மேல் ரணிலுக்கே போயிருந்தால்தான் யாழ்ப்பாணம் தனியாக முடிவைப் புரட்டியிருக்கும். வன்னியிலும் கிழக்கின் சில பகுதிகளிலும் வராத வாக்கைச் சேர்த்தால் அது இன்னும் எளிது. ஆகவே மாறியிருக்கக் கூடியது என்று சொல்லலாம், நிச்சயம் மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. 1931இல் பகிஷ்கரிப்பதா என்பதைக் குடாநாட்டுச் சமூகமே விவாதித்து முடிவெடுத்தது. 2005இல் வாக்களிக்கப் போகலாம் என்று நினைத்தவருக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

11 ஆசனம் இருந்த எங்களுக்கு இப்ப 6. வன்னியிலை சனம் எங்களிலும் பாதி, அங்கையும் 6. இது என்ன நியாயம்?

இறக்கம் இப்படி: 1989இல் 11, 1994இல் 10, 2000 முதல் 2010 வரை 9, 2015இலும் 2020இலும் 7, 2024இல் 6. போரும் புலம்பெயர்வும்தான் காரணம். 2010இல் இடாப்பில் 721,359 பேர் இருந்தார்கள். ஊரில் இல்லாத பலரின் பெயர் அதில் பல வருடமாகக் கிடந்தது. இடாப்பு திருத்தப்பட்ட பின் 2015இல் 529,239 ஆனது. 2010 பொதுத் தேர்தலில் 23 வீதந்தான் வாக்களித்தார்கள் என்று சொல்லும்போதும் இதை மறக்கக்கூடாது. சலிப்பும் இருந்தது, இடாப்பின் வீக்கமும் இருந்தது.

வன்னி விடயம்: மாவட்டங்களுக்கான 196 ஆசனங்களில் 160 வாக்காளர் தொகைப்படி பிரிபடும். மிச்சம் 36, மாகாணத்துக்கு நாலு. வடக்கின் நாலில் மூன்று வன்னிக்கு, ஒன்று யாழ்ப்பாணத்துக்கு. 2024இல் ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 107,000 வாக்காளர். யாழ்ப்பாணத்தின் 593,187க்கு ஐந்தும் ஒன்றும் ஆறு. வன்னியின் 306,081க்கு மூன்றும் மூன்றும் ஆறு. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்று மூன்று மாவட்டப் பரப்பை அந்த ஆறு பேரும் பார்க்க வேண்டும் என்பதால் எனக்கு இதில் குறை இல்லை.

மாகாண சபைக்கு நாங்கள் எத்தினை தரம் வாக்களிச்சிருக்கிறம்?

ஒரே ஒரு தரம். சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை.

1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தின் பின் பதின்மூன்றாம் திருத்தம் வந்தது, மாகாண சபைகள் பிறந்தன. வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டு 1988 நவம்பர் 19 தேர்தல் நாளானது. கிழக்கில் வாக்களிப்பு நடந்தது. வடக்கின் 36 ஆசனங்களும் போட்டியின்றி ஈ.பி.ஆர்.எல்.எப்., ஈ.என்.டி.எல்.எப். வசமாகின. வடக்கில் வாக்குப்பெட்டி வைக்கப்படவே இல்லை. வரதராஜப் பெருமாள் முதலமைச்சரான அந்தச் சபை 1990இல் முடிந்தது. 2006 ஒக்ரோபரில் உயர் நீதிமன்றம் இணைப்பு செல்லாது என்றது.

பிறகு 2013 செப்ரெம்பர் 21. யாழ்ப்பாண நிர்வாக மாவட்டத்துக்கு 16 ஆசனம். அறுபது வீதத்துக்கு மேல் வாக்களிப்பு. தமிழரசின் வீட்டுக்கு 213,907 வாக்கு, 84 வீதம், 14 ஆசனம். ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணிக்கு 2. சி. வி. விக்னேஸ்வரனுக்கு விருப்பு வாக்கு 132,255. வடக்கு முழுவதிலும் 38இல் 30 கூட்டமைப்புக்கு. இந்த 84 வீதத்தை 2004இன் தொண்ணூறோடு ஒப்பிடுங்கள். இராணுவப் பிரசன்னமும் ஆளும் தரப்பின் வளமும் எதிர்ப்பக்கம் இருந்தபோது, எந்த ஆயுதமும் பின்னால் நிற்காமல் வந்த வாக்கு இது. ஒன்றுசேர்ந்து வாக்களித்த ஆண்டுகளில் என் மதிப்பில் எடை கூடியது இதுதான்.

பிறகேன் மாகாண சபைத் தேர்தல் வைக்கேல்லை? எங்களுக்கு மட்டுமோ இப்பிடி?

ஒன்பது மாகாணத்துக்கும் இதே கதி. 2017இல் சட்டத்தைத் திருத்தி, பாதி தொகுதி பாதி விகிதாசாரம் என்று கலப்பு முறைக்கு மாற்றினார்கள். புதிய தொகுதி எல்லைகளை வரைந்த அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. அதை மீளாய்வு செய்ய வேண்டிய குழுவும் வேலையை முடிக்கவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. 2018 ஒக்ரோபரில் வடமாகாண சபையின் ஆயுள் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சி.

மற்ற மாகாணங்களுக்கு இது ஒரு தாமதம். ஒரே தரம் வாக்களித்த எங்களுக்கு இது அதைவிடப் பெரிது. 2013இல் பிறந்த சபைக்கு இரண்டாவது தேர்தலே கிடைக்கவில்லை. அது நன்றாகச் செய்ததா கெட்டதாகச் செய்ததா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையும் வாக்காளரிடமிருந்து போய்விட்டது. பாராளுமன்றம் நினைத்தால் பழைய விகிதாசார முறையைத் திரும்பக் கொண்டுவரும் ஒரு திருத்தத்தோடு தேர்தலை வைக்கலாம்.

விருப்பு வாக்கு எத்தினை பேருக்குப் போடலாம்? பிழையாப் போட்டால் முழுவதும் போச்சோ?

முதலில் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடி. பிறகு அந்தப் பட்டியலில் அதிகபட்சம் மூன்று பேரின் இலக்கத்துக்குப் புள்ளடி. மூன்றுக்கு மேல் போட்டால் விருப்பு வாக்குத்தான் போகும், கட்சி வாக்கு நிற்கும். கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் முழு வாக்கும் போய்விடும். இரண்டு கட்சிக்குப் போட்டாலும் அப்படியே. விருப்பு வாக்கு, கட்சி வென்ற ஆசனத்தில் யார் அமர்வது என்பதை மட்டுமே தீர்மானிக்கும்.

2024இல் கால்வாசி வாக்குக்கூட எடுக்காத திசைகாட்டிக்கு (தேசிய மக்கள் சக்தி) ஆறிலை மூண்டு எப்பிடி?

செல்லுபடியான வாக்கு ஏறத்தாழ 325,300. ஐந்து வீதத்தைத் தாண்டியவை மட்டும் கணக்கில் வரும். அவை ஆறு: திசைகாட்டி 80,830, வீடு (தமிழரசு) 63,327, சைக்கிள் (தமிழ்க் காங்கிரஸ்) 27,986, வைத்தியர் அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழு 27,855, சங்கு (ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி) 22,513, வீணை (ஈ.பி.டி.பி.) 17,730. கூட்டினால் 240,241.

ஆறு ஆசனத்தில் ஒன்று, முதலாவதாக வந்த கட்சிக்குப் போனஸ். அது திசைகாட்டிக்கு. மிச்சம் ஐந்தால் 240,241ஐப் பிரித்தால் 48,048. திசைகாட்டிக்கு முழுதாக ஒன்று, மிச்சம் 32,782. வீட்டுக்கு முழுதாக ஒன்று, மிச்சம் 15,279. இன்னும் மூன்று ஆசனம் இருக்கிறது. அவை பெரிய மிச்சம் உள்ளவர்களுக்கு: திசைகாட்டி, சைக்கிள், சுயேச்சைக் குழு. சங்கு அடுத்த இடத்தில் நின்று தவறியது. ஆகத் திசைகாட்டிக்கு மூன்று, மற்ற மூவருக்கும் ஒவ்வொன்று.

வீடு, சைக்கிள், சங்கு மூன்றும் ஒரே பட்டியலில் வந்து அதே வாக்கை அப்படியே எடுத்திருந்தால் 113,826. போனஸும் சேர்ந்து அவர்களுக்கு மூன்று, திசைகாட்டிக்கு இரண்டு. பட்டியலைக் கூட்டினால் வாக்கும் அப்படியே கூடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனாலும் பிரிந்து நின்றதன் விலை எவ்வளவு என்று இதில் தெரியும்.

அப்ப யாழ்ப்பாணம் தெற்கோடை போட்டுது எண்டு சொல்லலாமோ? தெற்குக் கட்சி வெண்டது இதுதான் முதல் தரமோ?

வென்றது முதல் தரம் அல்ல. 1952 காங்கேசன்துறையை மேலே பார்த்தோம். ஐ.தே.க.வில் 2000, 2001இல் தி. மகேஸ்வரன், 2010, 2015இல் விஜயகலா மகேஸ்வரன், 2020இல் சுதந்திரக் கட்சியில் அங்கஜன் இராமநாதன் வென்றார்கள். விகிதாசார முறையில் தெற்கைத் தளமாகக் கொண்ட கட்சி இங்கே முதலிடத்துக்கு வந்தது மட்டும் 2024 நவம்பரில்தான் முதல் தரம்.

செப்ரெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்கு யாழ்ப்பாணத்தில் கிடைத்தது 27,086. இரண்டு மாதத்தில் அவரது கட்சிக்கு 80,830. மூன்று மடங்காகும் வாக்கைத் தற்செயல் என்று தள்ள முடியாது. பழைய கட்சிகளின் சண்டையில் வெறுத்துப்போன சனம் அதில் நிறைய உண்டு. அதேநேரம் நாலில் மூன்று பேர் வேறு இடத்துக்குத்தான் போட்டார்கள். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் வீடு திரும்ப முன்னுக்கு வந்தது.

பெண்கள் ஒருத்தரும் வரேல்லையோ?

2004இல் பத்மினி சிதம்பரநாதன், மேலே சொன்ன விஜயகலா. மாகாண சபையில் 2013இல் அனந்தி சசிதரன் 87,870 விருப்பு வாக்கோடு விக்னேஸ்வரனுக்கு அடுத்ததாக வந்தார். 2020இலும் 2024இலும் யாழ்ப்பாணத்திலிருந்து பாராளுமன்றத்துக்கு ஒரு பெண்ணும் தெரிவாகவில்லை. வாக்காளர் வரிசையில் பாதிக்கு மேல் பெண்கள் நிற்கும் மாவட்டத்துக்கு இது வெட்கம்.

எங்கடை பிரதிநிதிகளிலை எத்தினை பேர் கொலையுண்டவை? ஆர் செய்தது?

1985 செப்ரெம்பரில் மானிப்பாயின் வி. தர்மலிங்கமும் கோப்பாயின் மு. ஆலாலசுந்தரமும். 1989 ஜூலை 13இல் கொழும்பில் அமிர்தலிங்கமும் யாழ்ப்பாணத்தின் வெ. யோகேஸ்வரனும். 1998 மே மாதம் யாழ். மாநகர முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன், அந்த செப்ரெம்பரில் அவருக்குப் பின் வந்த பொ. சிவபாலன். 1999இல் வட்டுக்கோட்டையின் முன்னாள் உறுப்பினர் நீலன் திருச்செல்வம். 2006 நவம்பரில் ந. ரவிராஜ். 2008 புதுவருட தினத்தில் கோயிலில் வைத்து மகேஸ்வரன். இந்தப் பட்டியல் முழுமையானதல்ல.

கொன்றவர்கள் ஒரே தரப்பு அல்ல. சில கொலைகளுக்குத் தமிழ் இயக்கங்கள் காரணம், சிலவற்றில் விரல் அரசு சார்ந்தோரை நோக்கி நீண்டது. தன் பக்கத்துக் கொலையை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எண்ணுபவர்களோடு நான் வாதத்துக்குப் போவதில்லை. கணவனும் மனைவியுமாக யோகேஸ்வரன் குடும்பத்தில் இருவர் போனார்கள். இருவரும் மக்கள் வாக்கால் வந்தவர்கள்.

நான் லண்டனிலை இருக்கிறன், இலங்கைப் பாஸ்போட் இருக்கு. அங்கை இருந்து வாக்களிக்கலாமோ?

முடியாது. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வசதி இல்லை. தபால் வாக்கு உள்ளூரில் தேர்தல் கடமையில் இருப்போர் போன்ற தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். வாக்களிக்க வேண்டுமானால் இங்கே வதிவிடம் இருந்து, வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்து, நேரில் வர வேண்டும். இரட்டைக் குடியுரிமை உள்ளவரும் அப்படிப் பதிந்தால் வாக்களிக்கலாம். ஆனால் 2022இன் இருபத்தோராம் திருத்தத்துக்குப் பிறகு பாராளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று. இடாப்பு ஒவ்வொரு வருடமும் திருத்தப்படும். விதானையார் படிவத்தோடு வரும்போது 18 வயதாகும் பிள்ளைகளின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். மாவட்டத்தின் ஆசன எண்ணிக்கை அந்த இடாப்பை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது.